சொந்தக் கோயிலில் கல்யாணம்: யாரும் சொல்லாமல் விட்டவை

சொந்தப் பங்குக் கோயிலில், அதாவது நம் குடும்பம் சேர்ந்திருக்கும் ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தில், கல்யாணம் வைத்தால் பாதி வேலை தானாக நடந்துவிடும் என்று என்னிடம் சொல்லாத ஆளில்லை. புதுநன்மை (முதன்முதலாகப் பெறும் நற்கருணை) வாங்கியது அங்கே, உறுதிபூசுதல் அங்கே, 2019-ல் அப்பாவுக்கு அடக்கப் பூசை வைத்ததும் அங்கேதான். கோயில் காரியங்களில் ஃபாதருக்கு உதவும் உபதேசியார் என்னைப் பாவாடை சட்டையில் பார்த்தவர். பள்ளிக்கூட நாள் முழுக்கப் பாடற்குழுவில் பாடியிருக்கிறேன். இவ்வளவு பழக்கம் இருந்தும், கல்யாணம் முடிந்து கணக்குப் பார்த்தபோது வீணாய்ப் போனதும் எதிர்பாராமல் கையை விட்டுப் போனதுமாகச் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். யோசித்துப் பார்த்தால் காரணமே அந்தப் பழக்கம்தான். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து கல்யாணத்துக்குக் கோயில் கேட்டால், உட்காரவைத்து எது கூடும் எது கூடாது என்று வரிசையாகச் சொல்வார்கள். சொந்தப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? ஏதாவது ஒன்று முட்டிக்கொண்டு நின்ற பிறகு, "உனக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்" என்பார்கள். உபதேசியார், பங்குப் பேரவைச் செயலாளர், பாத்திர அறைச் சாவி வைத்திருக்கும் அக்கா என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார் வாயாலும் இதைக் கேட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். நான் ஒரே பிள்ளை, வேலை சென்னையில். அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, அலைய முடியாது. சித்தப்பா, மாமா எல்லாரும் இருக்கிறார்கள், ஆலோசனைக்குக் குறைவில்லை. ஆனால் போய் ஒரு ரசீது வாங்கி வரச் சொன்னால் அன்றைக்குப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். மாப்பிள்ளை எங்கள் மாவட்டத்து நாசரேத் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், வேலை கத்தாரில். நாங்கள் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்). எங்கள் பக்கம் ஆர்சி, சிஎஸ்ஐ கல்யாணம் ஒன்றும் புதிதல்ல, தெருவுக்கு ஒன்று இருக்கும். இருந்தும் அதில் எவ்வளவு காகித வேலை என்று முன்கூட்டி வாய் திறந்தவர் ஒருவருமில்லை. 2025 மார்ச் 5 சாம்பல் புதன், ஏப்ரல் 20 உயிர்ப்பு ஞாயிறு. நடுவில் தவக்காலம் எனும் நோன்புக் காலம், அப்போது எங்கள் பங்கில் கல்யாணம் வைப்பதில்லை. அவருக்குக் கிடைத்த விடுப்பையும் பார்த்து மே 12, திங்கள்கிழமை என்று முடிவானது. அக்னி நட்சத்திரத்துக்கு நட்டநடுவில்.

முதலில் ஞானஸ்நானச் சான்றிதழ். வீட்டு அலமாரியில் லேமினேட் செய்து பத்திரமாக இருக்கிறதே என்று எடுத்துப் போனால் அது செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதி வேண்டும். ஒருவருக்குப் பிற்பாடு நடக்கும் உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்திலேயே ஓரத்தில் குறித்து வைக்கப்படும். புதிதாக எடுத்தால்தான் ஆள் ஏற்கெனவே மணமானவரா இல்லையா என்பது தெரியும். நியாயமான ஏற்பாடுதான். தலைப்பிள்ளை என்பதால் எனக்கு ஞானஸ்நானம் அம்மா ஊரில் கடற்கரைப் பக்கம் நடந்தது, ஆகவே அந்தப் பங்குக்குப் போக வேண்டும். பழைய சான்றிதழில் பதிவு எண்ணும் தேதியும் இருந்ததால் பெரிய பேரேட்டில் பக்கத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். செல்லாது என்பதற்காகப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், நான் சென்னையில் இருப்பதால் அங்குள்ள பங்குத்தந்தையிடமிருந்து, இவர் மணமாகாதவர், எங்களுக்குத் தெரிந்து தடை ஏதுமில்லை என்று ஒரு கடிதம். அவரிடம் போக, அன்பியம் எனும் அக்கம்பக்கத்து ஜெபக் குழுவின் பொறுப்பாளரது கையெழுத்து. சென்னையில் ஞாயிறு பூசைக்குப் போய்வந்ததோடு சரி, எந்த அன்பியத்திலும் நான் பெயர் கொடுத்திருக்கவில்லை. மாடி வீட்டு ஆன்ட்டிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு ஜெபக் கூட்டத்தில் உட்காரவைத்து வாங்கிக் கொடுத்தார். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே இருக்கும் பங்கில் குடும்ப அட்டை போட்டுக்கொள்வது நல்லது.

பெயர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் எனக்கு இருப்பது பாட்டியின் பெயர். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா வைத்தது வேறு பெயர். ஆதார், பாஸ்போர்ட், பட்டம் எல்லாவற்றிலும் பள்ளிப் பெயர்தான். எங்கள் தலைமுறைக் கத்தோலிக்கப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. திருமணப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயரை மட்டும் ஏற்றிவிட்டால், நாளைக்கு விசா வாங்கப் போகும்போது அந்தச் சான்றிதழில் இருப்பது வேறு யாரோ. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ஆதாரில் உள்ள பெயரும் பதிவேட்டில் வரும்படி ஃபாதரிடம் பேசி ஏற்பாடு செய்தேன். முந்தின நாளே பதிவேட்டை நிரப்பிவைக்கச் சொல்லி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கல்யாணத்தன்று கழுத்தில் மாலையும், பின்னால் போட்டோகிராபரும், சாட்சிக் கையெழுத்துக்கு முண்டியடிக்கும் சொந்தங்களுமாக இருக்கும்போது எழுத்துப்பிழை கண்ணில் படாது.

இனி பெரிய விஷயம். கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக்காரரைக் கோயிலில் மணக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். சிஎஸ்ஐ ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது, எனவே மறு ஞானஸ்நானம் என்ற பேச்சே இல்லை. இதைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "பையனை மாத்தினாத்தான் கல்யாணம்" என்று ஒரு பெரியப்பா கிளப்பிவிட்டு நாசரேத் வரைக்கும் புகைந்துவிட்டது. மாற வேண்டியதில்லை. கத்தோலிக்கத் தரப்பு, என் விசுவாசத்தில் நிலைப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மற்றத் தரப்பு தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பையன் கிறிஸ்தவரே அல்ல என்றால் அது வேறு கதை, அதற்கு அனுமதி போதாது, விலக்கு வாங்க வேண்டும். எங்கள் விண்ணப்பத்தோடு அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழும் அவர்கள் சேகரத்து ஐயரின் (சிஎஸ்ஐ பங்கின் போதகர்) கடிதமும் இணைத்து ஆயர் இல்லத்துக்குப் போனது. பங்கில் கேட்டால் "போயிருக்கும்மா, வரும்" என்றார்கள். போன நேரம் தவக்காலத்தின் கடைசி. குருத்து ஞாயிறிலிருந்து உயிர்ப்பு வரை புனித வாரத்தில் எந்த மேஜையிலும் எந்தக் காகிதமும் நகராது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இந்த விண்ணப்பத்தைக் கல்யாணத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அந்த விண்ணப்பம் தாமதமானதற்குக் காரணம் திருமணத் தயாரிப்புப் பயிற்சி. இரண்டு பேரும் பயிற்சி முடித்த சான்றிதழைக் காட்டினால்தான் ஓலை, அதாவது கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு, எழுதவே முடியும். மறைமாவட்டத்தில் இது குறிப்பிட்ட வார இறுதிகளில் மட்டும் நடக்கிறது, நேரில் வந்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை மே மாதத்துக்கு எடுத்திருந்த டிக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பயிற்சிக்காகத் தனியாக மார்ச்சில் ஒருமுறை வந்துபோக 23,000 ரூபாய். சம்பளமில்லா விடுப்பு வேறு. பயிற்சியெல்லாம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, நடத்திய ஃபாதர் சாதாரணமாகக் கேட்கிறார்: "கத்தார்லயே கோயில்ல இந்தக் கோர்ஸ் முடிச்சிட்டு சர்ட்டிபிகேட் அனுப்பியிருக்கலாமே, ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" அவர் என்னைப் பார்த்தார், நான் டம்ளரைப் பார்த்தேன். வளைகுடாவில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலில் கேளுங்கள், பிறகு அந்தச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்று பங்குத்தந்தையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். வரவு செலவு, மாமியார் வீடு, பிள்ளைப்பேறு என்று பேச வேண்டியதைப் பேச வைக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு கடன் இருக்கிறது என்று முதன்முதலாகச் சொல்லிக்கொண்டது அந்த வகுப்பில்தான்.

மனம் உடைந்த இடம் இதற்கப்புறம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஐயரும் சேர்ந்து கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று விரும்பினார்கள். எங்கள் அம்மாவுக்குப் பாட்டுப் பூசையோடு கல்யாணம் நடக்க வேண்டும். இரண்டுமே நினைத்தபடி நடக்கவில்லை. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1127-வது பிரிவுப்படி இரண்டு குருக்கள் சேர்ந்து மணமக்களின் சம்மதத்தைக் கேட்க முடியாது, முன்னாலோ பின்னாலோ இன்னொரு கோயிலில் இன்னொருமுறை சம்மதம் கொடுக்கும் சடங்கும் வைக்க முடியாது. ஆனால் ஐயர் வந்து வேதபாடம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், வாழ்த்தலாம். இதை மாமாவிடம், அதாவது அவருடைய அப்பாவிடம், நான்தான் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிம்மா, ஐயர் ஜெபம் பண்ணுவாங்கல்லா, அது போதும்" என்றார். அது போதவில்லை என்பது குரலில் தெரிந்தது. பூசை விஷயமும் அப்படியே. கலப்புத் திருமணத்தில் சாதாரணமாகத் திருப்பலி (பூசை) இல்லாமல் வார்த்தை வழிபாட்டோடுதான் சடங்கு. ஆயர் அனுமதித்தால் பூசை வைக்கலாம், ஆனால் அப்போதும் கோயிலில் பாதிப் பேர் நன்மை வாங்க எழுந்து போக மீதிப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று ஜனத்தை அப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டுவது வேண்டாம் என்று ஃபாதர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. "பூசை இல்லாம என்ன கல்யாணம், பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட மாதிரி" என்று அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. மறுநாள் காலை ஐந்தரை மணிப் பூசையை எங்கள் குடும்பத்தின் நன்றிப் பூசையாக ஒப்புக்கொடுத்தோம். அம்மா முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கலப்புத் திருமணம் என்றால் தேதி பேசும் நாளிலேயே இந்த இரண்டு கேள்விகளையும் இரண்டு வீட்டாருக்கும் சேர்த்து வைத்து ஃபாதர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மணப்பெண் போனில் தூது போகக் கூடாது.

கோயில் வரி பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா போனபிறகு யாரும் கட்டவில்லை, ஆறு வருஷத்து வரியும் திருவிழா வரியும் சேர்த்து 15,000 கட்டிய பிறகு ஓலை எழுதினார்கள். கட்ட வேண்டிய பணம், கட்டினேன். அதை மூன்று மாதம் முன்பு சொல்லியிருந்தால் பட்ஜெட்டில் வைத்திருப்பேன்.

ஆயர் இல்லத்து அனுமதி உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம் வந்தது. அதே வாரம், ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறந்துபோனார். ஒன்பது நாள் துக்கம், கல்யாணமே தள்ளிப்போகும் என்று ஓர் அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சென்னையில் ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே எனக்கு வரிசையாகப் போன். தள்ளிப்போகவில்லை, அந்தத் துக்கம் மே முதல் வாரத்தோடு முடிந்தது. ஏப்ரல் 27, மே 4, மே 11 என்று மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலை கல்யாணத்துக்கு முந்தின நாள். இடையில் யாராவது எழுந்து ஏதாவது தடை சொன்னால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே பதைப்பு. மாப்பிள்ளை வீட்டாரின் சபையிலும் அதே ஞாயிறுகளில் வாசித்தார்கள். உங்களுக்கு இந்த நெருக்கடி வேண்டாம், மூன்றாம் ஓலைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு வாரமாவது இருக்கட்டும்.

அந்த மே 11-ல்தான் அலங்காரக் கூத்து. எங்கள் பங்கில் விடுமுறை மறைக்கல்வி (வேதபாட) வகுப்பு முடிந்து மே மாத இரண்டாம் ஞாயிறு பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுப்பது வழக்கம். நான் வாங்கியது எந்த ஞாயிறு என்பது எனக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? தூத்துக்குடியில் ஓர் அலங்காரக்காரரிடம் 40,000-க்குப் பேசி, அவர் சனிக்கிழமை தோவாளைச் சந்தையில் பூவுக்குச் சொல்லிவிட்டார். சனி மாலை கோயிலுக்குப் போனால் பத்துப் பதினைந்து அம்மாக்கள் பீடத்தைச் சுற்றி வெள்ளைத் துணியும் செயற்கைப் பூவும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு மாலைப் பூசை முடியும் வரை ஒரு ஊசியைக்கூடக் கழற்ற முடியாது என்றார்கள். அவர்கள் பிள்ளைகளின் நாள், அவர்கள் காசு, எப்படிச் சண்டை போடுவது? ஞாயிறு இரவு எட்டரைக்கு மேல் என் ஆட்கள் உள்ளே போனால் அடுத்தடுத்துத் தடை. தூணில் ஆணி கூடாது, டேப் ஒட்டக் கூடாது, நற்கருணைப் பேழையை மறைக்கும் உயரத்துக்குப் பூந்தட்டி கூடாது, பீடத்தின் மேல் மெழுகுவத்தியும் சிறிய பூச்சாடியும் தவிர ஒன்றும் கூடாது. அவர் கொண்டுவந்த இரண்டு பெரிய வளைவுகளும் அப்படியே லாரியில் கிடந்தன. 18,000 ரூபாய்ப் பொருள் பயன்படவில்லை, பணம் திரும்பவும் இல்லை. கேட்டால், "இடத்தைப் பாக்காமலா பேசுனீங்க" என்றார். அவர் இடத்தைப் பார்க்க வரவே இல்லை, நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து விலை சொன்னவர். புதுநன்மைக்காரர்களோடு முதலிலேயே பேசியிருந்தால் ஆளுக்குப் பாதி போட்டு ஒரே அலங்காரத்தில் இரண்டு விழாவையும் முடித்திருக்கலாம் என்று அந்த அம்மாக்களே பிறகு சொன்னார்கள். தேதி எடுத்ததும் பங்கின் அறிவிப்புக் காலண்டரைக் கேட்டு வாங்குங்கள். அந்த வாரத்தில் என்ன பூசை, என்ன விழா, யார் நவநாள் என்று முழுதும் பாருங்கள். அலங்காரக்காரரைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போய், உபதேசியாரைப் பக்கத்தில் நிறுத்தி, கூடாததையெல்லாம் சொல்ல வைத்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

வரவேற்பு கோயிலை ஒட்டிய சமூகக் கூடத்தில். வாடகை 8,000. கோயில் வளாகத்துக் கூடங்களுக்கு நாள் வாடகை 10,000-க்குக் கீழே இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, தனியார் மண்டபம் என்றால் 18 சதவீதம் சேரும் என்பதால் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாடகை என்பது நான்கு சுவருக்கு மட்டும். தண்ணீர் லாரி நம் பொறுப்பு. வெளிப் பாத்திரம் கொண்டுவரக் கூடாது, கோயில் பாத்திரத்துக்கு எண்ணிக்கைப்படி வாடகை, குறைந்தால் அபராதம். மின்சாரம் ஒற்றைப் பேஸ் இணைப்பு. மதியம் சவுண்ட் செட்டையும் சீரியல் பல்பையும் சேர்த்துப் போட்டதும் பொத்தென்று போய்விட்டது. அந்த நேரத்தில் ஜெனரேட்டர் தேடிப் பிடித்ததற்கு டீசலோடு 12,000. இரண்டு வாரம் முன்பே பேசியிருந்தால் பாதி விலைக்கு வந்திருக்கும். மறைக்கல்விப் பிள்ளைகளின் பெஞ்சும் அட்டைப் படங்களும் கூடத்திலேயே குவிந்து கிடந்தன, என் அத்தை மகன்கள்தான் கல்யாணத்தன்று காலை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலுக்குப் பயந்து மாலை ஐந்தரைக்கு வைக்கலாம் என்று நான் கேட்டதை நாலு மணியாக மாற்றியது ஃபாதர். 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. ஆயரின் தனி அனுமதி பெற்ற கத்தோலிக்கக் குருவுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் அதற்கு இன்னொரு காகிதம். நாசரேத்திலிருந்து வந்த பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். ஃபாதர் நாலு மணி என்று பிடிவாதமாக இருந்ததன் அருமை அப்போது தெரிந்தது. சடங்கு ஐம்பது நிமிடம்தான். சம்மதம், மோதிரம், தாலி. நாத்தனார் கடைசி முடிச்சைப் போடும்போது கை நடுங்கி, "அண்ணி, லூசா இருக்கா?" என்று காதில் கேட்டாள். எனக்கு அன்றைய நாளில் முதல் சிரிப்பு அதுதான்.

மே மாதம் மாதா வணக்க மாதம் என்பதை எந்தக் கத்தோலிக்கருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தினமும் மாலை ஆறரைக்குக் கோயிலில் ஜெபமாலை, ஏழரைக்கு முடியும். கூடத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். ஆறரைக்கு ஆரம்பிக்க வேண்டிய இன்னிசைக் குழு மேடையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருக்க, உபதேசியார் வந்து, "ஜெபமாலை முடியட்டும் மக்கா, மாதாவுக்கு மரியாதை வேணும்லா" என்றார். ஒன்றும் சொல்ல முடியவில்லை. முழுச் சம்பளம் 38,000, ஆனால் இடையில் பரிசு கொடுப்பவர்கள் வரிசை, போட்டோ எல்லாம் போக அவர்கள் பாடியது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை, எனவே பின்னால் நீட்டவும் வழியில்லை. விருந்தாளிகள் பாட்டில்லாத கூடத்தில் விசிறிக் காற்றுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கோயிலிலிருந்து வந்த அருள்நிறை மரியே ஜெபத்துக்கு வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சிஎஸ்ஐக்காரர்கள் சங்கடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழரைக்கு ஜெபமாலை முடிந்ததும் அந்தக் கூட்டம் நேராகப் பந்திக்கு வந்தது. கையில் ஜெபமாலையோடு, அழைப்பிதழ் கொடுத்தவர்கள் கொடுக்காதவர்கள் எல்லாரும். எங்கள் ஊரில் கோயிலில் மூன்று முறை ஓலை வாசித்தாலே ஊருக்கே அழைப்பு வைத்த மாதிரி. இது எனக்குப் பின்னால் புரிந்தது, சமையல்காரருக்கு முன்பே தெரிந்திருந்தது. "எத்தனை தலைக்கட்டு உங்க பங்குல?" என்று, அதாவது எத்தனை குடும்பம் என்று, அவர் போனில் கேட்டபோது, நான் அழைப்பிதழ்க் கணக்கு 650 என்றேன். அவர் 65 கிலோ சீரகச் சம்பா போட்டார், கிலோவுக்குப் பத்துப் பேர் கணக்கு. நாலாவது பந்தியில் அண்டாவின் அடி தெரிந்தது. சித்தப்பா தூத்துக்குடி ஓட்டலுக்கு ஆள் அனுப்பிப் பிரியாணிப் பொட்டலம் வாங்க 26,000. அது வந்து சேர ஒரு மணி நேரம். அதற்குள் சமையல்காரர் யாரையும் கேட்காமல், மறுநாள் காலைக்கு வைத்திருந்த பொன்னி அரிசியை உலையில் போட்டு, தாளித்த தக்காளியைக் கொட்டிக் கிளறி, மீதியிருந்த கத்தரிக்காய் பச்சடியோடு இலையில் வைத்துவிட்டார். பொட்டலத்தை விடத் தக்காளிச் சாதத்துக்குத்தான் நல்ல பேர். அவருக்குப் பேசியதற்கு மேல் மூவாயிரம் கொடுத்தேன், அது ஒன்றுதான் நான் மனமாரக் கொடுத்த கூடுதல் பணம். கிராமத்துச் சொந்தப் பங்கில் கல்யாணம் என்றால் அழைப்பிதழை எண்ணாதீர்கள், தலைக்கட்டை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை பங்குப் பேரவையில் கேட்டால் கிடைக்கும்.

பாடற்குழு, பீடச்சிறுவர், மணி அடிப்பவர், கோயில் கூட்டும் அம்மா, சவுண்ட் பார்க்கும் தம்பி இவர்களுக்கெல்லாம் கட்டணம் என்று எதுவும் இல்லை. "நீ பார்த்துச் செய்" என்பதுதான் விலை. தனித்தனிக் கவரில் போட்டு, பெயர் எழுதி, சித்தியிடம் கொடுத்து வைத்திருந்தேன். எங்கும் முகச்சுளிப்பில்லாமல் முடிந்த ஒரே விஷயம் இது. போட்டோகிராபருக்கு மட்டும் ஒரு நிபந்தனை போதும்: சம்மதம் கேட்கும்போதும் தாலி கட்டும்போதும் பீடத்தின் படியேறி ஃபாதருக்கு முன்னால் நிற்கக் கூடாது. டிரோன் எங்கள் கோயிலில் கிடையாது. அவர் கொண்டுவந்திருந்தார், பெட்டியைத் திறக்காமலே எடுத்துப் போனார்.

கோயில் கொடுக்கும் திருமணச் சான்றிதழோடு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும், தவறினால் 150 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். அவருடைய விடுப்பு முடிவதற்குள் இருவருமாகப் போய் முடித்துவிட்டோம். கோயில் சான்றிதழ், இரண்டு பேர் ஆதார், பிறந்த தேதிக்குச் சான்று, கல்யாண அழைப்பிதழ், சாட்சிகள் என்று எல்லாம் கேட்டார்கள், அழைப்பிதழில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, கடைசியில் மாடி வீட்டு ஆன்ட்டிக்குச் சென்னையில் கொடுத்ததைக் கூரியரில் திருப்பி வாங்கினோம்.